சுங்கை சிப்புட் வீட்டுத் தோட்ட உலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், ஒரே ஒரு தடவைதான் வரும். 1948 ஜூன் 16, மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அத்தோடு பாடம் முடிந்துவிடும். அந்த ஊரில்தான் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சில வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து வைத்து, முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் செடிகொடிகளுக்கு நடுவே நடக்க விடுகிறார்கள். ஏற்பாடு செய்வது நாங்கள் ஐந்தாறு பேர். சங்கம், பதிவு எண் என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு, கையால் வரைந்த ஒரு வழிப்படம், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள் வருகின்றன. தட்டித் தட்டி விரல் வலிக்கிறது, ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

தோட்ட உலா என்றால் எந்தத் தோட்டம்? எஸ்டேட்டா?

முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான். கேட்பவர் மேல் தப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றாலே ரப்பர்த் தோட்டம், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம்தான். கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் உங்களை நிறுத்தி "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால், உங்கள் ரோஜாச் செடியைப் பற்றிக் கேட்கவில்லை, உங்கள் தாத்தா எங்கே பால் வெட்டினார் என்று கேட்கிறார். அந்தத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் இப்போது இருப்பது தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளில். மலாயில் தாமான் என்ற சொல்லுக்கே தோட்டம் என்றுதான் பொருள். தோட்டத்தை விட்டுத் தோட்டத்துக்கே குடிவந்து, வாசலில் இரண்டு முழம் மண் கிடைக்குமா என்று தேடினோம்.

நாங்கள் காட்டுவது அந்த இரண்டு முழ மண்ணைத்தான். வீட்டு முன்புறம், பின்புறம், கார்னர் லாட்டாக (வரிசையின் ஓர வீடாக) இருந்தால் பக்கவாட்டிலும் கொஞ்சம்.

எல்லார் வீட்டிலும் உள்ள செடிதானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

போன வருடம் ஈப்போவில் இருந்து வந்த ஒருவர் இதை நேராகவே கேட்டார். அவரை எங்கள் வழிப்படத்தில் மூன்றாவது வீட்டுக்கு அனுப்பினேன். கார்னர் லாட். பாட்டியம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். வேலி ஓரமாக ஒரு கம்பி கட்டி, அதில் பழைய பால் மங்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார். மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவார்களே, அதே மங்குதான். ஒவ்வொன்றிலும் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு ஆர்க்கிட் வைத்திருக்கிறார். மங்கின் உட்புறத்தைச் சுரண்டினால் ஒட்டுப்பால் இன்னும் நகத்தில் இழுபடும். அந்தக் கம்பியின் அடியில் கருவேப்பிலை மரம். அது தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நின்ற மரத்தின் பிள்ளை. வேரில் இருந்து முளைத்த கன்றைத் தோண்டி மைலோ டின்னில் வைத்து, லாரியில் சாமான்களோடு மடியில் ஏந்திக்கொண்டு வந்தாராம். தாய் மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை.

ஈப்போக்காரர் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். மற்ற வீடுகளுக்குப் போக அவருக்கு நேரமே இல்லை.

செடி எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அது வந்த வழி வீட்டுக்கு வீடு வேறு. 1957-இல் சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். வேலை செய்தவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதற்கு மாற்றாகத் தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். எங்கள் ஊரிலேயே பிறந்தவர். சங்கம் பல தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. ஒவ்வொரு அலையிலும் சனங்கள் வெளியேறினார்கள். கையில் எடுத்து வர முடிந்தது அம்மி, சாமி படம், நாலு கன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோலகங்சார். 1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரில் இருந்து அங்கே வந்தபோது, அவற்றை நட்டது எந்தத் தோட்டத்திலும் இல்லை, பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில். மொத்தம் 9 கன்றுகள் என்பார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் தாத்தாக்களைக் கப்பல் ஏற்றி வரவழைத்த மரம் இந்த மண்ணில் முதலில் ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடியாகத்தான் நின்றது. உலா முடிந்து நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். காசு கிடையாது.

எத்தனை மணிக்கு வரலாம்? மாலையில் வைக்கக் கூடாதா?

காலை 8 முதல் 11 வரை. மாலை வேண்டாம், பேராக்கில் பிற்பகல் இடிமழையை நம்பி யாரும் எதையும் திட்டமிடக் கூடாது. செம்பருத்தியும் சங்குப்பூவும் காலையில்தான் முகம் காட்டும், பொழுது சாயும்போது சுருங்கிவிடும். போதாததற்கு வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் விடியும் முன்பே எழுந்து பழகியவர்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்று இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர்களுக்கு 8 மணி என்பதே பாதி நாள். 11 மணிக்கு மேல் நீங்கள் வந்தால் அவர்கள் சமையலில் இருப்பார்கள்.

கட்டணம் எவ்வளவு?

ஆளுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). 12 வயதுக்குக் கீழே இலவசம். முதல் வீட்டில் கொடுத்துவிட்டு வழிப்படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் கன்றுப் பைக்கும் மண்ணுக்கும் போகிறது.

செருப்போடு உள்ளே போகலாமா?

தோட்டத்துக்குள் போகலாம், போகவும் வேண்டும். வெறுங்காலில் நடந்தால் எலுமிச்சை முள்ளும் அட்டையும் உங்களை விசாரிக்கும். ஆனால் பல வீடுகளில் செடிகளுக்கு நடுவிலேயே துளசி மாடமோ, மரத்தடியில் ஒரு முனியாண்டி கல்லோ இருக்கும். மஞ்சள் துணியோ விளக்கோ கண்ணில் பட்டால் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுச் சுற்றிப் போங்கள். சந்தேகமாக இருந்தால் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்ததில்லை.

வீட்டுக்கு வீடு போகும்போது செருப்பு அடியில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டுப் போங்கள். காரணம் கீழே வாழைக் கன்று பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

ஒரு குச்சி, ஒரு கிளை கிள்ளிக்கொள்ளலாமா?

கேட்டு வாங்கலாம். கிள்ளக் கூடாது.

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்று நம் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் கொடுக்கிற வீட்டில் அந்தச் சாக்கு செல்லாது. இதுவரை குச்சி கேட்டு இல்லையென்று சொன்ன வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. கேட்காமல் ஒடித்ததைப் பார்த்து முகம் வாடிய வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும் என்பது செடியை வளர்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு தடவை நானே தப்புச் செய்தேன். மண் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பாத்தியில் கால் வைத்து நின்று வெற்றிலைக் கொடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள்தான் அதில் தண்டுக்கீரை விதைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது "உங்க கால் தடத்துல மட்டும் கீரை வரல" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். இரண்டு பாதமும் அச்சாக, வழுக்கையாக இருந்தன.

சில செடிகளை அவர்கள் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். வாழைக் கன்று முக்கியமானது. பனாமா வாடல் நோய் மண்ணில் பல வருடம் உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு நன்றாக இருக்கும் கன்றோடும் வரும், செருப்பு மண்ணோடும் வரும். மரம் மஞ்சளாகி ஒடிந்து விழும்போதுதான் தெரியும், அதற்குள் அந்த இடத்தில் மறுபடி வாழை வைக்க முடியாமல் போய்விடும். அடுத்தது கருவேப்பிலை. அதன் கொழுந்தில் எள்ளளவு பூச்சி ஒன்று முட்டையிடும். அதன் உறவான கெமுனிங் செடி வேலியிலும் இருக்கும். அதே பூச்சி எலுமிச்சைக்கும் அதன் வகையறாவான லீமாவ் மரங்களுக்கும் பறந்து போய்ப் பசுமையாக்க நோயைப் பரப்பும். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், காய் கோணலாகும், மரம் மெல்ல மெல்லப் போய்விடும். மருந்து இல்லை. வீட்டில் எலுமிச்சை இருந்தால், வாங்கிய கருவேப்பிலைக் கன்றின் கொழுந்தை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்துக் கவனித்த பிறகு நடுங்கள்.

செம்பருத்தி, காகிதப்பூ, பாண்டான் (ரம்பை), செரை (எலுமிச்சைப்புல்), சங்குப்பூ விதை: இவற்றை நிம்மதியாக வாங்கிப் போகலாம். காகிதப்பூவை மலாய்க்காரர்களும் புங்கா கெர்த்தாஸ் என்றே சொல்கிறார்கள். புங்கா என்றால் பூ, கெர்த்தாஸ் என்றால் காகிதம். யாரைப் பார்த்து யார் வைத்த பெயரோ.

தமிழ்நாட்டில் இருந்து அத்தை வருகிறார். மல்லிகைக் குச்சி கொண்டுவரச் சொல்லலாமா? இங்கே நடுவீர்களா?

வேண்டாம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி செடி, விதை, மண் எதையும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள். ஈரத் துணியில் சுற்றிப் புடவை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்த கதையை உலாவில் பெருமையாகச் சொல்வோர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். மேலே சொன்ன எலுமிச்சை நோயை நினைத்துக்கொண்டு கேட்டால் அவ்வளவு நன்றாக இருக்காது. இங்கேயே நல்ல குண்டு மல்லி இருக்கிறது, ஐந்தாவது வீட்டில் கேளுங்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூசைக்கு என்று அநேக வீடுகளில் அரளி இருக்கும். பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். பானையில் பாலைவன ரோஜா என்று அழகாக நிற்பதும் அதே வகையறாதான். பெரிய பெரிய இலையில் வெள்ளைத் தீற்றலோடு இருக்கும் ஊமைச்செடியைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும், பெயரே அதனால் வந்தது. பயப்பட வேண்டாம், வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சிலி பாடி என்ற காரமான சின்ன மிளகாயைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கியதுதான் இதுவரை எங்கள் ஒரே விபத்து.

படம் எடுக்கலாமா?

செடியை எடுக்கலாம். ஆளை எடுக்க ஆளிடம் கேளுங்கள். வீட்டு எண், கார் எண், சாலைப் பெயர்ப் பலகை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம், அதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் மங்கில் தொங்கிய ஆர்க்கிட் ஒன்று அபூர்வமாகப் பூத்திருந்தது. வந்தவர் ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் படம் எடுத்து, வீடு எங்கே இருக்கிறது என்ற விவரத்தோடு போட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கம்பியில் கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மங்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். செடி போனதைவிட மங்கு போனதுதான் அவருக்கு வருத்தம்.

ஏடிஸ் கொசு பயம் இல்லையா?

இருக்கிறது, எங்களுக்கும்தான். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம். கொசுப்புழு கண்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் உலாவுக்கு முந்தின வாரம் எங்கள் ஆள் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார். பானைத் தட்டில் தேங்கும் தண்ணீர், காலி மங்கு, வாழை மட்டை இடுக்கு, தாமரைத் தொட்டி. தொட்டியில் கப்பி மீன் விட்டால் புழு தங்காது. தட்டுகளை நாங்கள் எடுத்துவிடவே சொல்கிறோம், தரை கொஞ்சம் நனைந்தால் நனையட்டும். வீட்டுக்காரர்களுக்கு இந்தச் சோதனை பிடிப்பதில்லை, மாமியார் சமையலறைக்கு வந்த மாதிரி இருக்கிறதாம். இருந்தும் நிறுத்தவில்லை.

நீங்கள் முழுக்கை சட்டை போட்டு, கொசு மருந்து தடவி வாருங்கள்.

வீட்டில் சாப்பிடக் கொடுத்தால் வாங்கலாமா?

உலாவில் சாப்பாடு கிடையாது என்று வீட்டுக்காரர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம். ஒவ்வொரு வருடமும் ஒரு குவளை ஏர் சிராப் சர்பத்தும் ஒரு தட்டு மசால் வடையும் தயாராக இருக்கும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வீட்டைத் திறந்து வைத்துப் பழகிய நாட்டில், கேட்டைத் தாண்டி வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது. இப்போது ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம்: எந்த வீட்டிலும் இறைச்சி கிடையாது, எண்ணெய்ப் பலகாரமும் தண்ணீரும் மட்டும். மலாய் மாக் சிக் (அத்தை) வீட்டில் சங்குப்பூ போட்ட நீலச் சோறு ஒரு கரண்டி கொடுப்பார், அதை மறுக்காதீர்கள்.

ஏழு வீட்டிலும் குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "இப்பதான் பக்கத்துல குடிச்சேன்" என்று சொன்னால் போதும். அந்தப் பொய்யை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டுக்காரர்களிடம் என்ன பேசுவது? எனக்குச் செடி பற்றி ஒன்றும் தெரியாதே.

தெரியாமல் வருவதுதான் நல்லது. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று எந்தச் செடியைக் காட்டிக் கேட்டாலும் பதில் கிடைக்கும். முருங்கைக்கு ஒரு சம்பந்தி இருப்பார், ரம்புத்தானுக்கு இறந்துபோன அண்ணன் இருப்பார், புங்கா காந்தான் என்ற இஞ்சிப் பூவுக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி இருப்பார்.

கேட்கக் கூடாதவை இரண்டு. "இந்த மரம் என்ன விலை போகும்?" என்பது ஒன்று. "இவ்வளவு இடத்தையும் சிமெண்டு போட்டா இன்னொரு காடி (கார்) நிறுத்தலாமே?" என்பது மற்றது. இரண்டாவதை அவர்கள் பிள்ளைகளே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமாக உள்ள செடிகளும் உலாவில் சேர்த்தியா?

பார்க்கலாம், ஆனால் அதைப் பற்றிச் சத்தமாகப் பாராட்ட வேண்டாம். அது அரசாங்க நிலம். நகராண்மைக் கழகத்தார் நினைத்தால் ஒரே நாளில் வெட்டிவிடலாம். பப்பாளியும் மரவள்ளியும் அங்கேதான் நன்றாக வருகின்றன, என்ன செய்வது.

சக்கர நாற்காலியில் வர முடியுமா?

முதல், நான்காம், ஏழாம் வீடுகளுக்கு முடியும். மற்றவற்றில் படிக்கட்டோ குறுகலான சந்தோ இருக்கிறது. முன்னாலேயே சொல்லிவிட்டால் நான்காம் வீட்டில் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு வைப்பார்கள், மற்ற வீட்டுக்காரர்கள் அங்கே வந்து பேசுவார்கள்.

கழிப்பறை?

கோயிலில் இருக்கிறது. வீட்டில் கேட்காதீர்கள்.

இது யார் யோசனை?

இங்கிலாந்தில் 1927-இல் தொடங்கிய பழக்கம் என்று படித்தேன். வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைக் கவனித்த தாதியருக்குப் பணம் திரட்ட, 600-க்கும் மேற்பட்ட தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்களாம். அங்கே இன்னும் நடக்கிறது. அங்கே திறந்தவற்றில் பங்களாத் தோட்டங்கள் நிறைய. எங்கள் ஊரில் துரை பங்களாத் தோட்டத்தை வேலியோரம் நின்று பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது அவர்கள் வீட்டு வேலிக்குள் வந்து மற்றவர்கள் பார்க்கிறார்கள். பாட்டியம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மழை வந்தால்?

தூறினால் குடை. இடித்தால் எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அந்த வீட்டு முன்கூரைக்குள் ஒதுங்குங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைப்பதில்லை.

என் வீட்டையும் அடுத்த வருடம் சேர்க்க முடியுமா? என்னுடையது சின்னத் தோட்டம்.

எவ்வளவு சின்னது என்று கேட்க மாட்டோம். சென்ற முறை ஒரு வீட்டில் கேட்டின் மேல் வரிசையாகப் பதினொரு ஐஸ்கிரீம் டப்பா, எல்லாவற்றிலும் பெகாகா, அவ்வளவுதான். வல்லாரையைத்தான் இங்கே பெகாகா என்கிறோம். அந்த வீட்டில்தான் வரிசை அதிகம் நின்றது, ஏனென்றால் அந்தத் தாத்தா ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி பறித்துக் கொடுத்துத் துவையல் பக்குவமும் சொன்னார். குழுவில் பெயர், தாமான், எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியும் என்பதை அனுப்புங்கள். யாராவது ஒருவர் வந்து பார்ப்போம். வீட்டில் நாய் இருந்தால் அதன் பெயரையும் எழுதுங்கள், வழிப்படத்தில் போட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி குரைப்பு அடங்கிவிடுகிறது.